அரைநாள் ஆளுக்கு ஏது லீவு?

கேள்வி: கும்பகோணத்தில் அப்பா நடத்திவந்த ஜவுளிக்கடையை இந்த வருடம் நான் எடுத்து நடத்துகிறேன். ஆட்கள் மொத்தம் 8 பேர். 5 பேர் முழுநாள், மாதச் சம்பளம். ஒரு அக்கா காலை 10 மணியிலிருந்து 2 மணி வரை, வாரம் 6 நாளும் வருவார். நாளுக்கு 300 ரூபாய். தபால் வழியில் படிக்கும் ஒரு பெண் வெள்ளி, சனி, ஞாயிறு மட்டும் முழுநாள் வருகிறது, நாளுக்கு 600. இன்னொருவர் கடையிலேயே உட்கார்ந்து சேலைக்கு ஃபால்ஸ் வைத்து ஓரம் அடித்துக் கொடுப்பவர், சேலைக் கணக்கில் கூலி. இவர்கள் தவிர, கணக்கு எழுத ஒருவர் சாயங்காலம் வந்துபோவார்.

9 வருடமாக இருக்கும் ஊழியர் ஒருவர் மகனோடு திருப்பூருக்குக் குடிபோகிறார். சம்பளம் 15,600. “எடுக்காத லீவுக்குக் காசு கொடுங்க தம்பி” என்று கேட்கிறார். இரண்டு தடவை லீவு கேட்டு, சீசன் என்று அப்பா மறுத்தது உண்மைதான். ஆத்திர அவசரத்துக்கு வருடத்துக்கு ஏழெட்டு நாள் எடுத்திருப்பார், அதற்குச் சம்பளம் பிடித்ததில்லை. இதைப் பார்த்து அரைநாள் அக்காவும் தனக்கு லீவு உண்டா என்று கேட்டுவிட்டார். அப்பா முன்பு அரிசி ஆலையில் கணக்குப் பார்த்தவர். “அரைநாள் ஆளுக்கு ஏது லீவு? முழுநாள் ஆளுக்கே 240 நாள் வந்திருந்தாத்தான். அதுவும் அந்தம்மா போன குறுவைக்கு நடவுக்குப் போயி மூணு வாரம் வரலை, சர்வீஸே விட்டுப்போச்சு” என்கிறார். யாருக்கு எத்தனை நாள், நாளுக்கு எவ்வளவு என்று எப்படிக் கணக்குப் போடுவது? வருகை நோட்டின் சில பக்கங்களைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன்.

பதில்:

தம்பி, உங்கள் அப்பா சொல்லும் 240 நாள் மில் கணக்கு. 1948ஆம் ஆண்டு தொழிற்சாலைச் சட்டத்தில் அப்படித்தான் இருந்தது: ஒரு காலண்டர் வருடத்தில் 240 நாள் வேலை பார்த்திருந்தால், பார்த்த 20 நாளுக்கு 1 நாள் வீதம் அடுத்த வருடம் சம்பளத்தோடு விடுப்பு. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பில் அந்த 240 என்பது 180 ஆகவும் குறைந்துவிட்டது. ஆலையில் வேலை பார்த்த அனுபவத்தில் அவர் சொல்கிறார். ஆனால் 8 பேர் இருக்கும் உங்கள் கடைக்கு அது பொருந்தாது. உங்களுக்கு உரியது 1947ஆம் ஆண்டு தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம். அதில் 240 நாள் வந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையே கிடையாது.

அந்தச் சட்டத்தின் 25ஆம் பிரிவு மூன்று வகை விடுப்பைக் கொடுக்கிறது. 12 மாதம் தொடர்ந்து பணியில் இருந்தவருக்கு அடுத்த 12 மாதத்தில் 12 நாள் சம்பளத்தோடு விடுமுறை. இதுதான் எடுக்காவிட்டால் சேரும் லீவு; அதிகபட்சம் 24 நாள் வரை சேரும். இதுபோக உடம்பு சரியில்லை, அடிபட்டுவிட்டது என்றால் வருடத்துக்கு 12 நாள் வரை. நியாயமான எந்தக் காரணத்துக்கும் தற்செயல் விடுப்பு இன்னொரு 12 நாள் வரை. இந்த இரண்டும் முதல் வருடத்திலிருந்தே உண்டு. ‘ஒரு வருடம் ஆகட்டும், அப்புறம் பார்க்கலாம்’ என்று புது ஆளுக்குக் காய்ச்சல் லீவைக்கூட மறுக்கிற வழக்கம் நம் பக்கத்துக் கடைகளில் நிறைய இருக்கிறது. அது தவறு. ஒரு வருடக் காத்திருப்பு முதலில் சொன்ன 12 நாளுக்கு மட்டும்தான்.

சரி, அரைநாள் அக்கா விஷயத்துக்கு வருவோம். உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் முக்கியமாகப் பட்டது இதுதான்.

சட்டத்தில் முழுநாள் ஆள், அரைநாள் ஆள் என்று இரண்டு வரிசை இல்லை. ஒரு கடையின் வேலையில் ‘முழுமையாகவோ முதன்மையாகவோ’ அமர்த்தப்பட்டவர் யாராக இருந்தாலும் அவர் ஊழியர். அந்த அக்காவுக்கு உங்கள் கடைதான் பிழைப்பு. நாலு மணி நேரம் என்பதால் அவர் உங்கள் கடை ஊழியர் இல்லை என்று ஆகிவிடாது. ஆகவே அவருக்கும் 12, 12, 12 நாட்கள் அப்படியே உண்டு.

‘நாலு மணி நேரம் வருகிறவருக்கும் எட்டு மணி நேரம் வருகிறவருக்கும் ஒரே லீவா?’ என்று தோன்றும். நாள் எண்ணிக்கைதான் ஒன்று, பணம் ஒன்றல்ல. விடுப்பு நாளுக்கு எவ்வளவு கொடுப்பது என்பதை 26ஆம் பிரிவு சொல்கிறது: விடுப்புக்கு முந்தைய 3 மாதத்தில், அவர் உண்மையில் வேலை பார்த்த நாட்களுக்கு வாங்கிய சம்பளத்தின் தினசரி சராசரி. ஓவர்டைம் காசு இதில் சேராது. அக்காவின் ஒரு நாள் 300 ரூபாய் என்றால் அவருடைய லீவு நாளும் 300 ரூபாய். 12 நாளுக்கு 3,600. நாளுக்கு 600 வாங்குகிற முழுநாள் ஊழியருக்கு அதே 12 நாள் 7,200. பாதி நேர வேலைக்குப் பாதிப் பணம், கணக்கு தானாகவே நேராகிவிடுகிறது பாருங்கள்.

பல கடைகளில் தப்பு நடப்பது இங்கேதான். ‘அரைநாள் ஆள்தானே, 12இல் பாதி 6 நாள் கொடு’ என்பார்கள். அப்புறம் அந்த 6 நாளுக்கும் அரைநாள் கூலிதான் போடுவார்கள். 6 நாள், நாளுக்கு 300, ஆக 1,800. பாதி வேலை பார்த்தவருக்குக் கால் பங்கு. ஒரே காரணத்தைச் சொல்லி இரண்டு இடத்தில் வெட்டுகிறார்கள். யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்வதாக நான் நினைக்கவில்லை; பழகிப்போய்ச் செய்கிறார்கள். ஆனால் இழப்பு அந்தப் பெண்களுக்குத்தான். நாளை எண்ணும்போது குறைக்கவே குறைக்காதீர்கள். பணத்தை அவர்கள் வாங்கும் கூலியே தீர்மானிக்கட்டும்.

அக்காவுக்கு இன்னொன்றும் உண்டு, நீங்கள் கேட்கவில்லை. வாரம் 6 நாள் வருகிறவருக்கு ஒரு முழுநாள் வார விடுமுறை கொடுக்க வேண்டும், அதற்குச் சம்பளம் பிடிக்கக் கூடாது. தினக்கூலி ஆளாக இருந்தாலும் அந்த நாளுக்குக் கூலி உண்டு என்று 11ஆம் பிரிவு விளக்கமாகவே சொல்கிறது. உங்கள் நோட்டில் அவருக்கு வாரம் 1,800 என்றுதான் எழுதியிருக்கிறது. அது 2,100 ஆக வேண்டும்.

நடவுக்குப் போன மூன்று வாரம். ஜூன் 12 மேட்டூர் திறந்து தண்ணீர் வந்துவிட்டால் நம் டெல்டாவில் எந்தக் கடையிலும் பெண் ஆட்கள் கொஞ்ச நாள் காணாமல் போவார்கள். நடவுக் கூலியும் அவர்கள் குடும்பத்துக்குத் தேவைதான். சொல்லிவிட்டுப் போய், திரும்பி வந்து அதே வேலையில் சேர்ந்து, நீங்களும் சேர்த்துக்கொண்டிருந்தால் அது அனுமதியோடு போன சம்பளமில்லா விடுப்பு. அதனால் சர்வீஸ் அறுந்துபோகாது. அந்த மூன்று வாரத்துக்குக் கூலி இல்லை, அவ்வளவுதான். இனிமேல் போகும்போது ‘இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை, சம்பளமில்லா விடுப்பு, அனுமதி’ என்று நோட்டில் ஒரு வரி எழுதி அவரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். சம்பா அறுப்புக்குப் போனாலும் அதே மாதிரி.

மூன்று நாள் வரும் பெண்ணின் கணக்கில்தான் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கிறது. வாரம் 6 நாளுக்குக் குறைவாக வருகிறவருக்குச் சம்பளத்தோடு வார விடுமுறை கிடையாது என்று சட்டமே விலக்கு வைத்திருக்கிறது. அது தெளிவு. ஆனால் 25ஆம் பிரிவில் அப்படி ஒரு விலக்கு இல்லை. சில பேர் விகிதாசாரம் போடுகிறார்கள்: 6 நாள் ஆளுக்கு 12 நாள் என்பது இரண்டு வார லீவு, 3 நாள் ஆளுக்கு 6 நாள் கொடுத்தாலே இரண்டு வாரம் வந்துவிடுகிறது என்று. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் சட்ட வாசகம் ‘ஒவ்வொருவருக்கும் 12 நாள்’ என்கிறது. வாரத்தில் எத்தனை நாள் வந்தால் எத்தனை என்று பிரித்துச் சொல்லவில்லை. சட்டம் குறைக்காததை நாம் குறைக்கக் கூடாது என்பது என் கருத்து. உங்களுக்கு வரும் வித்தியாசம் வருடத்துக்கு 6 நாள், 3,600 ரூபாய். 12 நாளே கொடுத்துவிடுங்கள். ‘படிக்கிற பெண்தானே, இது அவளுக்கு முதன்மை வேலையா?’ என்று யாராவது கேட்டால், அவர் பார்க்கும் ஒரே வேலை உங்கள் கடை வேலைதான் என்று சொல்லுங்கள்.

ஃபால்ஸ் வைப்பவருக்கு நாள் கூலி என்று ஒன்று இல்லையே என்று குழம்ப வேண்டாம். அந்தச் சராசரிக் கணக்கு இவர் மாதிரி ஆட்களுக்குத்தான் மிகவும் கைகொடுக்கும். கடைசி 3 மாதத்தில் அவர் 65 நாள் உட்கார்ந்து தைத்து 18,200 ரூபாய் வாங்கியிருந்தால், ஒரு நாள் 280. லீவு நாளுக்கு அதுதான் கூலி. முகூர்த்த மாதத்தில் சேலை குவியும்போது சராசரி ஏறும், மார்கழியில் இறங்கும். ஒவ்வொரு தடவையும் முந்தைய 3 மாதத்தைப் பார்த்துப் புதிதாகப் போடுங்கள். மார்கழிக் கணக்கைப் பிடித்துக்கொண்டு வருடம் முழுக்கக் கொடுக்காதீர்கள்.

மாதச் சம்பளக்காரர் லீவு எடுத்தால் தனியாக எதுவும் கொடுக்க வேண்டியதில்லை, சம்பளத்தில் பிடிக்காமல் இருந்தால் போதும். ஒரு நாள் சம்பளம் எவ்வளவு என்ற கேள்வி வருவது லீவு தீர்ந்தபின் வராத நாளுக்குப் பிடிக்கும்போதும், வேலையை விட்டுப் போகும்போதும்தான். இதில் ஒரு பழக்கம் எனக்கு மனதுக்கு ஒப்பாதது. பிடிக்கும்போது 15,600ஐ 26ஆல் வகுத்து 600 பிடிப்பார்கள். கொடுக்கும்போது 30ஆல் வகுத்து 520 கொடுப்பார்கள். உங்கள் நோட்டிலும் இந்த இரண்டு எண்ணும் இருக்கின்றன. திருப்பூர் போகிறவருடைய கடைசி 3 மாதத்தைக் கூட்டிப் பார்த்தேன். 78 நாள் வேலைக்கு வந்திருக்கிறார், வாங்கியது 46,800. வகுத்தால் 600. கொடுக்கவேண்டியது அந்த 600தான்.

அவருக்கு எத்தனை நாள்? 9 வருடம், வருடத்துக்கு 12 என்று 108 நாள் ஆகாது. சேரும் உச்சவரம்பு 24. தற்செயல் விடுப்பும் நோய் விடுப்பும் சேராது, அந்தந்த வருடத்தோடு போய்விடும். அதே சமயம், ‘வருடம் ஏழெட்டு நாள் எடுத்தாரே’ என்று 24இல் கழிக்கவும் கூடாது. ஆத்திர அவசரத்துக்கு எடுத்தது தற்செயல் விடுப்பு, அது வேறு கணக்கு.

தானாக வேலையை விடுகிறவருக்கு இந்தப் பணம் எப்போது கட்டாயம் என்று சட்டம் ஒரு வரி வைத்திருக்கிறது: லீவு கேட்டு, மறுக்கப்பட்டு, அதன்பின் விலகியிருக்க வேண்டும். முதலாளியே நிறுத்தினால் இந்த நிபந்தனையே கிடையாது, கொடுத்தே ஆக வேண்டும். உங்கள் கடையில் அவர் இரண்டு தடவை கேட்டு அப்பா மறுத்ததை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். எழுதிக் கொடுத்துக் கேட்டாரா என்று இப்போது போய் நிற்காதீர்கள். கல்லாவுக்கு முன்னால் நின்று வாயால் கேட்டு, ‘சீசன்ல லீவா?’ என்ற பதிலோடு கவுண்டருக்குத் திரும்பிப் போவதுதான் நம் கடைகளில் லீவு விண்ணப்பம். 24 நாள், நாளுக்கு 600, ஆக 14,400 ரூபாய். கடைசி மாதச் சம்பளத்தோடு சேர்த்துக் கொடுத்து, எதற்காக எவ்வளவு என்று பிரித்து எழுதி ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.

நீங்கள் கேட்காத இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது பெரிய தொகை. தீபாவளிக்குக் கூடுதலாக ஆள் எடுப்பீர்களா? 10 பேர் இருக்கும் கடைக்குப் பணிக்கொடை, அதாவது வேலையை விட்டுப் போகும்போது சர்வீஸ் வருடத்தைப் பார்த்துக் கொடுக்கும் கிராஜுவிட்டி, பொருந்தும். முந்தைய 12 மாதத்தில் ஏதாவது ஒரு நாள் 10 பேர் இருந்திருந்தாலே போதும், சீசன் ஆட்களும் எண்ணிக்கையில் வருவார்கள். ஒரு முறை பொருந்திவிட்டால் பிறகு ஆள் குறைந்தாலும் விடாது. 1972ஆம் ஆண்டுப் பணிக்கொடைச் சட்டம் இப்போது சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் போய்விட்டாலும் இந்த 10 பேர் வரம்பு மாறவில்லை. மாதச் சம்பளத்தை 26ஆல் வகுத்து 15ஆல் பெருக்கி வருடத்தால் பெருக்கும் கணக்கும் மாறவில்லை. 600, 15, 9 என்று பெருக்கினால் 81,000 ரூபாய். 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும். கடந்த தீபாவளிகளில் கடையில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று அப்பாவிடம் இன்றே கேளுங்கள்.

பண்டிகை லீவு தனிச் சட்டம், 1958ஆம் ஆண்டினுடையது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று நாலு நாள் கட்டாயம். இதுபோக 5 பண்டிகை நாள். முதலாளியையும் ஊழியர்களையும் கலந்து தொழிலாளர் துறை ஆய்வாளர் குறிப்பது. மொத்தம் 9. மாசிமகத்துக்குக் கலெக்டர் அறிவிக்கும் உள்ளூர் விடுமுறை அரசு அலுவலகத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும்தான், கடையைக் கட்டாயப்படுத்தாது. ஆனால் கும்பகோணத்தில் கடை வைத்துக்கொண்டு அந்த 5இல் ஒன்றாக மாசிமகத்தைச் சேர்க்காமல் இருப்பானேன்? ஊழியர்களைக் கேட்டுச் சேர்த்துவிடுங்கள். இந்த 9 நாளில் வேலை வாங்கினால் இரட்டைச் சம்பளம், அல்லது அன்றைய சம்பளத்தோடு வேறொரு நாள் சம்பள லீவு. எது வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் உரிமை ஊழியருக்கு. மூன்று நாள் வரும் பெண்ணுக்கு, அவர் வருகிற கிழமையில் விழுந்தால் கூலியோடு லீவு கொடுங்கள். 2026இல் மே 1 வெள்ளி, ஆகஸ்ட் 15 சனி, அக்டோபர் 2 வெள்ளி, மூன்றும் அவர் நாட்கள்தான். தேர்தல் வந்தால் வாக்குப்பதிவு நாளும் சம்பளத்தோடு விடுமுறை, தினக்கூலிக்கும் சேர்த்து.

இப்போது அந்த நோட்டு. வராத நாளுக்கு ஒரு சிவப்புச் சுழி, வேறு குறிப்பே இல்லை. காய்ச்சலா, குலதெய்வம் கோயிலா, வார விடுமுறையா என்று ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் எழுதியவருக்கே தெரியாது. ஜனவரி 16ஆம் தேதிக்கு எல்லார் பேருக்கு நேரேயும் சுழி இருக்கிறது. அன்றைக்குக் கடையே திறக்கவில்லை என்று பக்கத்திலேயே பென்சிலில் எழுதியும் இருக்கிறது. கடை மூடிய நாள் ஊழியர் வராத நாள் ஆகாது. இன்னொரு பக்கத்தில் வார விடுமுறைக்கு முந்தைய நாளும் மறுநாளும் லீவு போட்ட ஒருவருக்கு நடுவில் இருந்த விடுமுறையையும் சேர்த்து 3 நாள் பிடித்திருக்கிறது. சொல்லிவிட்டு எடுத்த லீவு என்றால் அந்த நடு நாளைப் பிடிக்க முடியாது. அதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

ஆளுக்கு ஒரு பக்கம் போடுங்கள். மேலே சேர்ந்த தேதி, வாரத்தில் எந்தெந்த நாள், எத்தனை மணி நேரம், கூலி எவ்வளவு. கீழே மூன்று பத்தி: சேரும் லீவு, நோய், தற்செயல். ஒவ்வொன்றிலும் 12இல் தொடங்கிக் கழித்துக்கொண்டே வரலாம். சேரும் லீவில் மட்டும் போன வருட மிச்சத்தைக் கூட்டி, 24 தாண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மாதக் கடைசியில் அவரவர் பக்கத்தை அவரவரே பார்த்துக் கையெழுத்துப் போடட்டும். லீவு எப்போது என்பதைப் பேசி முடிவு செய்யலாம். ஆடித் தள்ளுபடியிலும் தீபாவளிக்கு முந்தைய வாரங்களிலும் எல்லாரையும் விட முடியாது என்பது அவர்களுக்கும் தெரியும். முகூர்த்தம் இல்லாத மார்கழியில் ஆளுக்கு ஐந்தாறு நாள் என்று மாற்றி மாற்றி விட்டால் கடையும் ஓடும், 24 நாள் சேர்ந்து ஒரேயடியாகக் காசாக நிற்கவும் செய்யாது.

சாயங்காலம் வந்துபோகும் கணக்கர் வேறு கடைகளுக்கும் எழுதுகிறார் என்றால் உங்கள் கடை அவருக்கு முதன்மை வேலை ஆகாது. பேசிய தொகையைக் கொடுத்தால் போதும், இந்த லீவுக் கணக்கில் அவர் வரமாட்டார். உங்கள் கடைக்கு மட்டும்தான் எழுதுகிறார் என்றால் அவருக்கும் ஒரு பக்கம் போடுங்கள். அப்போது உங்கள் கடையில் 8 இல்லை, 9 பேர். தீபாவளிக்கு ஒரே ஒரு ஆள் கூடினாலும் 10, பணிக்கொடை வரம்பு வந்துவிடும்.